கம்பியை உதைத்த ஷூ

ஆம்பூரில் யாரைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். பாதி ஊர் ஷூ கம்பெனியில் நின்றால் வேறு எப்படி இருக்கும்? ஜெபராணிக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. இருபத்தாறு வருஷமாக ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறாள். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஷூவையும் வாங்கிக் கட்டைவிரலால் முனையைத் தடவுவாள். கீறல் பட்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். இல்லையென்றால் "பாஸ்". அவ்வளவுதான் வேலை.

மகன் ரோஹன் வியாழக்கிழமை வந்து இறங்கினான். பிரிட்டனின் வேல்ஸில் கடலோரமாக ஏபெரிஸ்ட்வித் என்று ஒரு ஊர். பெரிய காலேஜ் இருக்கிற பழைய ஊர். அங்கே எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கிறான். சர்டிபிகேட் பின்னால் தபாலில் வருமாம்.

அந்த ஊர்ப் பெயரை வாயில் நுழைக்கவே அவன் அப்பா தேவானந்தத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. நுழைந்த பிறகு விட்டாரா மனுஷன்! தோல் பதனிடும் ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். சரக்கு எடுக்க வந்தவனையெல்லாம் நிற்கவைத்து ஊர் சுற்றிக் காட்டினார். கடலைப் பார்த்து இடிந்து நிற்கும் கோட்டை. மலைச்சரிவில் சாய்வாக ஏறும் குட்டி ரயில். மலை உச்சியில் ஒரு இருட்டறை. உள்ளே போனால் கண்ணாடி வழியாக முழு ஊரின் பிம்பமும் மேஜைமேல் வந்து விழும். சாயங்காலம் பாலத்தடியில் வந்து அடையும் ஆயிரக்கணக்கான குருவிகள். எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது கம்பிதான். கடலோர நடைபாதை மலையடியில் முடியும் இடத்தில் ஒரு இரும்புக் கம்பி. ஊர்க்காரர்கள் அதுவரை நடந்துபோய் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"இன்னிக்கும் உதைச்சிட்டு வந்துட்டேம்மா" என்று ரோஹன் தினமும் போனில் சொல்வான்.

"பாத்துடா, முனை போய்டப் போவுது" என்பாள் ஜெபராணி. ஸ்டாஃப் சேலில் அவளே பொறுக்கி எடுத்துக் கொடுத்த பிரவுன் ஷூ அது. வேறு ஷூ வாங்கவே இல்லை, அதைத்தான் போடுகிறேன் என்று அவன் சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திர ஆராதனை. ரோஹன் பலிபீடத்துக்கு முன்னால் நின்று, கர்த்தர் தன்னைப் படிக்கவைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். தேவானந்தம் பாஸ்டர் ஐயரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சௌந்தரம் வந்தாள். செக்கிங் டேபிளில் ஜெபராணிக்கு எதிரில் நிற்பவள். ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள்.

"இன்னா ரோஹன், இரும்ப உதைச்ச ஷூ எங்க? எத்தினி நாள் தாங்குதுன்னு நான் பாக்கணும்."

"நாளைக்கு அதத்தான் போட்டுனு வருவான்" என்றார் தேவானந்தம். "அந்த ஷூவோட நின்னுதான் சாட்சி சொல்லணும்னு சொல்லிட்டேன்."

ரோஹன் பேடாவை வாயில் போட்டுக்கொண்டான்.

சௌந்தரம் போன பிறகு, பாலிஷ் போடலாம் என்று ஜெபராணி அந்த ஷூவைத் துவைக்கிற கல்மேல் வைத்தாள். கட்டைவிரல் தானாக முனைக்குப் போனது. வழவழவென்று இருந்தது. வலது கால், இடது கால் இரண்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இன்றைக்கே பெட்டியில் போட்டு அனுப்பலாம் போல இருந்தது. அடியைத் திருப்பினாள். அடி நன்றாகத் தேய்ந்திருந்தது, ஆனால் நடந்து தேய்ந்த தேய்மானம் இல்லை. சிமெண்ட் தரையில் நாளெல்லாம் நின்றால் இப்படித் தேயும். அவள் செருப்பும் அப்படித்தான் தேயும். குதிகால் பள்ளத்தில் பேக்கிங் டேப்பின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை நகத்தால் உரித்து எடுத்தாள்.

ரோஹன் பின்வாசலில் நின்றிருந்தான்.

"எத்தினி நாள் இருந்த அந்த ஊர்ல?"

"ஒரு மாசம்."

"அப்புறம்?"

"கிளாஸ்ல ஒண்ணுமே புரியலம்மா. போறத நிறுத்திட்டேன். வேற ஊர்ல ஒரு குடோன்ல பேக்கிங் வேல."

"கோட்ட, ரயிலு, குருவி எல்லாம்?"

"டூரிஸ்டுங்களுக்குக் குடுக்கற பேப்பர் ஒண்ணு வச்சினு இருந்தேன். தினம் ஒண்ணு பாத்துச் சொல்வேன். ஏழெட்டு எடம்தான் போட்டிருந்துச்சு."

"ஒரு மாசம் இருந்தியே, ஒரு நாள்கூடவா உதைக்கல?"

"எல்லாரும் கும்பலா வருவாங்க. தனியாப் போய் உதைக்கக் கூச்சமா இருந்துது. பக்கத்துல வரைக்கும் போனேன்."

ஜெபராணி அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபமாவது வரட்டும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போய், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் இருக்குமே, அப்படி இருந்தது. உள்ளே போய் அரிசி களைந்து உலை வைத்தாள்.

ஞாயிறு காலை தேவானந்தம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் எட்டவில்லை. பூட்டாவிட்டால் என்ன என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தார். ஒன்றரை வருஷமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு.

ரோஹன் சமையலறைக்குள் வந்தான். "அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

அவள் வலது ஷூவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லின் விளிம்பில் முனையை வைத்து ஒரு தேய் தேய்த்தாள். தோலின் மேல்பூச்சு உரிந்து உள்ளே வெளுப்பாகத் தெரிந்தது. இன்னும் நாலைந்து முறை தேய்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஷூவை அவள் கையால் கெடுத்ததில்லை. திரும்பி வந்து மகன் காலடியில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு குனிந்து போட்டுக்கொண்டான்.

சர்ச் வாசலில் சௌந்தரம் பிடித்துக்கொண்டாள். "காட்டு ராஜா, காட்டு." குனிந்து கட்டைவிரலால் முனையைத் தடவினாள். தடவிய விரல் அங்கேயே நின்றது. பழைய கீறலில் அழுக்கேறியிருக்கும், பாலிஷ் இறங்கியிருக்கும். இது வெள்ளைவெளேர் என்று இருந்தது. சௌந்தரத்துக்குத் தெரியாதா என்ன! அவள் நிமிர்ந்து ஜெபராணியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பிரவுன் தூள் அப்படியே இருந்தது.

"என்ன சௌந்தரம், நல்லா உதைச்சிருக்கானா?" என்றார் தேவானந்தம்.

சௌந்தரம் நிமிர்ந்து முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டாள்.

"பாஸ்" என்றாள்.

ரோஹன் பலிபீடத்துக்கு முன்னால் போய் நின்றான். மைக்கைச் சரிசெய்தான். "அந்த ஊர்ல கடலோரம் ஒரு கம்பி இருக்கு" என்று ஆரம்பித்தான். "தினமும் அது வரைக்கும் நடப்பேன். ஒவ்வொரு நாளும் கர்த்தர் என்கூட நடந்தார்."

சபை "ஆமென்" என்றது. தேவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். அவள் வாயும் ஆமென் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.