சீக்ருன் தளர்த்திய போல்ட்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, திருடியது. பக்கத்து வீட்டு சீக்ருன் வாசல் பனியை அள்ளிக்கொண்டே சொன்னார். நானும் என் வாசலில் அள்ளுவதுபோல் நடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டேன். இங்கே வட நார்வேயில், மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்திருக்கும் ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விமானப்படைத் தளத்தில், ஹெலிகாப்டர் பராமரிப்புத் துறையில் அவர் பரிசோதகர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் கனத்திருந்த அந்த மதியத்தில் சீக்ருனின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு" — வேண்டாம். அவர் நெஞ்சுக்குள் சளிதான் இருந்தது. தளத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், வினையே அங்கிருந்துதான் தொடங்கியது.

2

துறையைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அவர்கள் செய்ததைச் சரிபார்க்கும் பரிசோதகர்கள் இன்னொரு பக்கம். நடுவில் கட்டுப்பாட்டு மேசை. எந்த இயந்திரம் பறக்கலாம் என்று கடைசிக் கையெழுத்து விழுவது அங்கேதான். மேசைக்காரர் பழுது பார்ப்பவர்களை விரட்டலாம். பரிசோதகரை விரட்ட முடியாது. பரிசோதகர் துறைத் தலைவிக்கு மட்டுமே பதில் சொல்பவர்.* எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கையால் செய்த வேலையை யாரும் தானே சரிபார்க்கக் கூடாது.

* ஒரே வீட்டில் சமைப்பவர் ஒருவர், குறை சொல்பவர் இன்னொருவர் என்று ஆளை நியமித்தால் எவ்வளவு சண்டை வரும். அந்தச் சண்டை வரட்டும் என்பதுதான் இங்கே ஏற்பாடு.

3

அன்று ஆள் பற்றாமல் சீக்ருனையே ஹாங்கரில், அதாவது ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகையில், பழுது பார்க்கும் வேலைக்கு இறக்கினார்கள். ஹெலிகாப்டரின் வால் சுழலியில் ஒரு முக்கியமான போல்ட்டை அவர் முறுக்கி, அது தளராமல் இருக்கப் பூட்டுக்கம்பியும் கட்டினார். இன்னொரு பரிசோதகர் பிற்பகல் வந்து பார்த்துக்கொள்வார் என்று பேச்சு. அவர் வரவேண்டிய சாலையைப் பனிச்சரிவு மூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. நடுக்கடலில் ஒரு படகு. எய்லிஃப் என்ற மீனவரின் கை வலை இழுக்கும் இயந்திரத்தில் சிக்கி நசுங்கிவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. தளத்தின் மற்ற ஹெலிகாப்டர் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மேற்கே புயல் கிளம்பியிருந்தது.

(முதல் பிரதியில் எய்லிஃபின் இடத்தில் ஒரு குழந்தையை வைத்திருந்தேன். குழந்தை என்றால் நீங்கள் உருகுவீர்கள். அது மலிவான வேலை. எய்லிஃப் ஒரு முசுடு, மனைவியைவிடப் படகோடு அதிகம் பேசுகிறவர். அவரும் சாகக் கூடாது.)

4

மேசைக்காரர் ஹால்வாரை வில்லனாக்கப் படாத பாடு பட்டேன். மனிதர் மசியவில்லை. ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் பாதி தின்றபடி கிடக்க, அவர் ஹாங்கருக்கு ஓடி வந்தார்.

"நீதானே மாட்டின, சீக்ருன். சரியா இருக்கா இல்லையா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? கையெழுத்தப் போடு."

"நான் மாட்டினத நானே பாத்தா எனக்குச் சரியாத்தான் தெரியும். அதுக்குத்தானே வேற ஆளு."

"அங்க ஒருத்தன் ரத்தம் கொட்டிக் கெடக்கான். நீ சட்டம் பேசுற."

"இதுல ஏறப்போறவங்களும் மனுஷங்கதான், ஹால்வார். அவங்களையும் சேத்துக்க."

இங்கே இரண்டு முடிவுகளை எழுதி அடித்தேன். ஒன்று: கையெழுத்திட்டார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆகவே விதி வெறும் முட்டாள்தனம். மற்றது: கையெழுத்திட்டார், அலைகளுக்கு மேலே வால் சுழலி திடீரென்று — இரண்டுமே சீக்ருனுக்குச் செய்யும் துரோகம். அவர் கையெழுத்திடவில்லை.

5

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பூட்டுக்கம்பியை வெட்டினார். சரியாக இருந்த போல்ட்டைத் தளர்த்தினார்.

"பைத்தியமா உனக்கு?"

"நீ மெக்கானிக்கா இருந்தவன்தானே. அனுமதி இன்னும் செல்லும்ல?"

"செல்லும். ஆனா நான் ஸ்பேனரத் தொட்டே பல வருஷம்..."

"ஏறு. நீ மாட்டு, நான் பாக்கறேன்."

மாட்டியவர் கடைசிக் கையெழுத்தைப் போடக் கூடாது. ஆகவே துறைத் தலைவி இங்கெர்லிஸ் வந்து ஹால்வாரின் நாற்காலியில், அந்தப் பாதி ரொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு போல்ட்டுக்காகத் துறையே ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தது.

ஹால்வாரின் விரல்கள் மேசைக்குப் பழகிப்போனவை, கம்பி பிடியில் நிற்காமல் நழுவியது. அவர் முடித்து இறங்கியதும் சீக்ருன் ஏறி, விளக்கடித்துப் பார்த்தார்.

"கம்பியத் தப்புப் பக்கம் இழுத்திருக்க. போல்ட் கழலுற பக்கம்."

ஹாங்கர் கதவில் காற்று வந்து மோதியது. நல்லதைக் கழற்றிவிட்டு இதை வாங்கிக்கொண்டோமே, எய்லிஃப் செத்தால் அது என் தலையில்தானே என்று சீக்ருன் பயந்தார். பயந்ததை என்னிடம் அவர் மறைக்கவில்லை.

"மறுபடி கட்டு."

"நேரம், சீக்ருன்..."

"தெரியும். கட்டு."

இரண்டாம் முறை கம்பி சரியாக நின்றது. சீக்ருன் கையெழுத்திட்டார், தலைவி கையெழுத்திட்டார், ஹெலிகாப்டர் மேற்கு நோக்கிப் போனது. ஹால்வார் எண்ணெய்க் கையோடு அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குவானா?"

"தெரியல," என்றார் சீக்ருன்.

6

என்னிடம் ஒரு முடிவு இருக்கிறது. எழுதி, இறுக்கிக் கட்டி, நேற்று சீக்ருனிடம் கொடுத்தேன். பனி அள்ளும் மண்வெட்டியில் சாய்ந்தபடி கடைசிவரை படித்தார்.

"இத யாரு சரிபாத்தா?"

"நான்தான்."

"நீங்கதானே எழுதினீங்க?"



ஆகவே அந்த முடிவைக் கழற்றிவிட்டேன். படகு அலையில் ஆடுகிறது. எய்லிஃப் கையில் சுற்றிய துணி முழுக்கச் சிவந்துவிட்டது. மேலே சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார். ஏறுங்கள். இந்த முடிவை நீங்கள் மாட்டுங்கள், நான் பார்க்கிறேன்.