கட்டை தொடாத கை

மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் காளியம்மா வெட்டிய மரத்தைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார்கள். மரம் வெட்டுவது என்றால் அங்கே பால் இறங்கப் பட்டையைச் சீவுவது. அவள் உளியை வைத்து இழுத்தால் பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழும், பால் வழியும், உள்ளே இருக்கும் கட்டையை மட்டும் உளி தொடாது. கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே உளி ஓடாது. காளியம்மாவுக்குப் பிரித்துவிட்ட மர வரிசையில், அந்த நிரையில், ஒரு காயம்கூடப் பார்த்ததில்லை என்று ஐயாவு கங்காணியே சொல்வார். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது லேசான காரியமா?

அந்தக் கையால் அவள் கண்ட சுகம் ஒன்றுமில்லை. இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். அவள் நிரையோ குடியிருந்த லயத்திலிருந்து வெகுதூரம், ஆற்றோரம். முதல் பிள்ளை அந்தக் கொட்டகையில்தான் காய்ச்சல் கண்டு செத்தது. ஆள் வந்து சொன்னபோது அவள் மரத்துக் கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பால் சேர்த்துக்கொண்டிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது. அடுத்துப் பிறந்த பாப்பாவைக் கொட்டகையில் இறக்கிவிடும் ஒவ்வொரு நாளும் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

அப்போதுதான், 1927-ஆம் வருஷம், துரை ஒட்டு வேலையைக் கொண்டுவந்தார். நாட்டுக் கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டை உள்ளே வைத்து, பட்டையை மூடி, மெழுகுத் துணியால் கட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்க கார்த்தோ என்ற ஜாவாக்காரன் வந்திருந்தான். நாற்றங்கால் லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. வேலையும் வெயில் வந்த பிறகுதான். பக்கத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், ஆள் கேட்கும் முன்பே காளியம்மா போய் நின்றாள்.

அவள் கட்டிய ஒட்டு ஒன்றும் பிடிக்கவில்லை. துணியை அவிழ்த்தால் மொட்டு கருகிக் கிடந்தது. கார்த்தோ அவள் கீறிய பட்டையை விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"சம்பாய் காயு," என்றான். கட்டை வரைக்கும் இறங்கு என்று அர்த்தம்.

அவளுக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கட்டைக்கு மயிரிழை மேலே நின்று பழகிய கை, இப்போது இறங்கு என்றால் இறங்குமா? காலையில் மரம் வெட்டி, வெயிலில் ஒட்டுக்கு வந்ததில் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்தன. மரம் வெட்டுவதை விட்டுவிடப்போவதாக வீட்டில் சொன்னாள்.

"கொஞ்ச நாளு ரெண்டையும் செய் புள்ள," என்றான் புருஷன் சின்னையா. "கை தன்னால பழகிக்கும். நல்லா வர்ற வேலைய எதுக்கு விடுற?"

"அப்ப பாப்பா?"

"கொட்டகையிலதான். வேற என்ன செய்யிறது?"

"மூத்தது அங்க கெடந்து செத்தது போதாதாய்யா?"

காளியம்மா நேரே கங்காணியிடம் போய், இனி மரம் வெட்டவில்லை, ஒட்டு மட்டும் கட்டுகிறேன் என்றாள்.

"நல்லா செய்யிலா," என்று சிரித்தார் ஐயாவு. "இனிமே எல்லாம் ஒட்டு மரந்தான், துரையே சொல்லிட்டாரு. உளிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

அன்றே உளியைக் கூரை இடுக்கில் செருகினாள். பிறகு கை மெல்ல மெல்ல இறங்கியது. கத்தி கட்டையில் நறுக்கென்று இடிப்பதை முதலில் கேட்டபோது உடம்பு கூசியது. நாளாக ஆக, அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் மனசு ஒப்பவில்லை. அவள் கட்டிய துணியை அவிழ்த்தால் மொட்டு பச்சென்று இருந்தது. பாப்பா தூளியில் சிணுங்கினால் எழுந்துபோய்ப் பால் கொடுத்தாள். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

நாற்றங்கால் காலியானது. ஒட்டுக் கன்றுகளை மலைமேல் திருத்திய புதுக்காட்டில் நட்டுவிட்டார்கள். கார்த்தோ ஆண்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு கோப்பெங் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனான். பெண்கள் அவரவர் நிரைக்குத் திரும்ப வேண்டும் என்று பெரட்டில் உத்தரவு. ஒட்டு மரம் பால் தர இன்னும் பல வருஷம் ஆகும் என்பதை அதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

துரு தேய்த்த உளியைப் பழைய நிரையின் முதல் மரத்தில் வைத்து இழுத்தாள். நறுக்கென்று இடித்தது. பட்டை பிளந்து உள்ளே கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று நினைக்கும் முன்பே விரல்கள் பிளந்த பட்டையை அழுத்தி மூடின, முந்தானையைக் கிழித்தன, கீழிருந்து மேலாகச் சுற்றி இறுக்கி முடிந்தன. ஒட்டுப் பிடிக்கும் என்றுதான் நினைத்தாள் பைத்தியக்காரி. அடுத்த மரத்திலும் இடித்தது. அதற்கும் ஒரு கிழிசல் கட்டினாள். கங்காணி வந்தபோது நிரை நெடுக மரங்கள் சேலைத் துண்டு கட்டிக்கொண்டு நின்றன.

ஐயாவு ஒரு முடிச்சை அவிழ்த்தார். கணக்கெழுதும் கிராணியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"காயம் போட்டதுமில்லாம மூடி மறைக்கிறியா? எவ்வளவு நாளா இந்தக் கள்ளத்தனம்?"

"மறைக்கலீங்க கங்காணி அய்யா. ஆறட்டும்னு கட்டினேன்."

"ஆறுமா? மரம் வெட்டுறவ பேசுற பேச்சா இது?"

காயத்துக்கு மட்டும் என்றால் திட்டோடு போயிருக்கும். மறைத்தாள் என்று துரை காதுக்குப் போனதும் நிரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். புதுக்காட்டில் புல்வெட்டும் கூட்டத்தில் தள்ளினார்கள். மரம் வெட்டுகிறவள் மத்தியானத்துக்கு லயம் திரும்பிவிடலாம். புல்வெட்டுக்காரி பொழுது சாய்ந்துதான் மலை இறங்க வேண்டும்.

"அப்பவே சொன்னேன், ரெண்டு வேலையையும் வச்சுக்கன்னு. இவ எங்க கேட்டா?" என்று ஐயாவு எல்லோரிடமும் சொன்னார். சொன்னது சின்னையா. கங்காணிக்கு அது தன் வார்த்தையாகவே தோன்றியது. பெரிய மனுஷர்களுக்கு அப்படித் தோன்றும்.

புதுக்காட்டில் அவள் கட்டிய ஒட்டுகள் துளிர்த்து நின்றன. எல்லாம் நேர்த்தியாகப் பிடித்திருந்தன. அவற்றின் காலடியில் லாலாங் புல்லைக் கொத்திக்கொண்டே, நெஞ்சில் பால் கட்டி வலிக்க, பொழுது சாயக் காத்திருந்தாள். அந்தத் துளிர்களைக் கிள்ளி எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை. எறிந்தால் புல்வெட்டும் போய்விடும்.

வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் வழக்கம்போல் கொட்டகைக்கு ஓடினாள். ஆயா நல்லம்மாளின் தோளில் பாப்பா கிடந்தது. காளியம்மா இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

"கோவிச்சுக்காத தாயி," என்றாள் நல்லம்மாள். "நாள் பூரா என்கிட்டயே கெடக்குதுல்ல. இப்பல்லாம் டின் பாலுதான் கேக்குது."