கதவடிக் கதிரை

இடது தோள் விடியற்காலை நாலு மணிக்கே எழும்பிவிட்டது. செபமாலைமுத்து அதற்குப் பிறகுதான் எழும்பினார். கிழக்கு லண்டனில், பார்க்கிங் ஸ்டேஷனில் முதல் ரயிலைப் பிடித்து, ஆற்றங்கரை ஹோட்டலுக்கு வந்து, வெறுவயிற்றில் நோவுக்கு இரண்டு குளிசை விழுங்கி, முப்பத்தாறு கதிரைகளை மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டு முடிக்க ஏழு மணி. அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாது என்பது சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிந்தால் ஷிப்ட் குறையும். உயர அடுக்கிய கதிரைகளை ஒற்றைக் கையால், உடம்பைச் சாய்த்து இறக்க அவர் பழகியிருந்தார்.

அன்று காலைச் சாப்பாட்டோடு ஒரு கூட்டம். சுவெஸ் கால்வாயை இன்னும் அகலமாக்குவது பற்றி. நீள மேசையில் சின்னச் சின்னக் கொடிகள். இப்படியான கூட்டங்களில் ஆறு வருடம் தண்ணீர் ஊற்றியவருக்கு, எந்தக் கொடிக்கு எது வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு தூதரகம் கடன் கொடுக்கும். ஆனால் தோண்டுகிற கப்பல்கள் தங்கள் நாட்டிலிருந்துதான் வரவேண்டும். இன்னொரு தூதரகத்துக்கு, யார் கடன் கொடுத்தாலும் அந்த முதலாவது தூதரகம் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கப்பல் கம்பனிக்காரருக்குத் தங்கள் பெருங்கப்பல்கள் வரிசையில் நிற்காமல் ஓடவேண்டும். காப்புறுதிக்காரருக்கு ஒரு கப்பலும் குறுக்கே சிக்கக் கூடாது. எல்லாரும் கால்வாயின் நன்மைக்காகத்தான் பேசுவார்கள்.

சூப்பர்வைசர் தந்த தாளைப் பார்த்துப் பெயர் அட்டைகளை வைத்துக்கொண்டு போனார். கால்வாய் நிர்வாகத்தின் பெரிய அதிகாரிக்கு நடுக் கதிரை. அதற்கு வலப்பக்கம் வைக்கவேண்டிய அட்டையை எடுத்தபோது கை நின்றுவிட்டது. கிருஷ்ணராசா. கீழே சின்ன எழுத்தில், கடலடி அளவைக் கம்பனிப் பணிப்பாளர்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே கால்வாயில், மண் தோண்டுகிற கப்பலில், இரண்டு பேரும் ஒன்றாக நின்றவர்கள். பேசாலைக் கடலில் வளர்ந்த செபமாலைமுத்து, கம்பி சுற்றுகிற வின்ச்சடியில். ஊர்காவற்றுறைப் பெடியன் கிருஷ்ணராசா அவருக்குக் கையாள். பன்னிரண்டு மணித்தியால வேலை, மூக்குக்குள்ளும் மணல். ஒரு மத்தியானம் இழுபட்டுக்கொண்டிருந்த கம்பி அறுந்தது. செபமாலைமுத்து பெடியனைத் தள்ளிவிட்டார். கம்பி அவருடைய தோளில் விழுந்தது. கம்பனி அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்கு அனுப்பியது. பெடியனை அளவை எடுக்கிற படகுக்கு மாற்றியது. அங்கே தொழில் படித்தவன் லண்டனுக்கு மேற்படிப்புக்கு வந்தான். செபமாலைமுத்து, லண்டனில் இருந்த மனைவி இம்மாகுலேற்றிடம் வந்து கதிரை இழுத்தார்.

அவனுடைய முகநூலை அவர் நாலு வருடமாகப் பார்க்கிறார். ஒரு படத்துக்கும் விருப்பம் போட்டதில்லை. தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் வாங்கிய வீடு, குசினியில் பதித்த கறுப்புக் கல், காரின் இலக்கத் தகடு, எல்லாவற்றையும் ரயிலில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பார்த்து முடியப் போனைக் கவிழ்த்து வைப்பார். ஒருநாள் இம்மாகுலேற் தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, உங்களால் உயிர் தப்பினவன் ஒரு போன்கூட எடுக்கவில்லையே என்று சொன்னாள். அந்த வீட்டில் ஒரு அறையாவது தன்னுடைய தோளால் கட்டினது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

தாளில் உள்ளபடியே அட்டையை வைத்தார். சூப்பர்வைசர் வந்து மேசையைப் படம் எடுத்தாள். படம் எடுத்தபின் ஒரு கரண்டியைக்கூட நகர்த்தக் கூடாது என்பது அங்கே சட்டம். அவள் வெளியே போனாள். செபமாலைமுத்து கிருஷ்ணராசாவின் அட்டையை எடுத்து மேசையின் கடைசியில், வேலைக்காரர் தட்டோடு குசினிக்குப் போய்வருகிற கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே இருந்த, ஏதோ வங்கிப் பெடியனுடைய அட்டையை நடுவுக்குக் கொண்டுபோனார். அந்த நேரத்துக்குத் தோள் நோகவில்லை.

எட்டரைக்கு ஆட்கள் வந்தார்கள். கிருஷ்ணராசா நடுக் கதிரையின் வலப்பக்கத்துக்கு நேரே நடந்தான். பெயரைத் தேடினான். மேசை நீளத்துக்கும் பார்த்துக்கொண்டே வந்து, கதவடியில் தன் பெயரைக் கண்டு, ஒரு கணம் நின்று, அந்தக் கதிரையில் இருந்தான். கோப்பி ஊற்றக் குனிந்தவரை நிமிர்ந்து பார்த்தான்.

"செபமாலை அண்ணை?"

"ஓம்."

எழும்பிக் கட்டிப்பிடித்தான். அத்தனை கோட்டுக்காரர் பார்க்க, ஏப்ரன் போட்ட ஆளை. கட்டிப்பிடித்தது வலப்பக்கத்தால். இடது தோளில் அவன் விரல்கூடப் படவில்லை.

பிறகு பேச்சுகள் தொடங்கின. சுவரில் பெரிய வரைபடம். ஒருவர் மாறி ஒருவர் போய் விரலை வைத்துக் கால்வாயை அகலமாக்கினார்கள். நடுவில் வங்கிப் பெடியன் அதிகாரியின் காதோடு கதைத்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்குள் அவர்கள் இரண்டு பேரும் போன் இலக்கம் மாற்றிக்கொண்டதைச் செபமாலைமுத்து கண்டார். கிருஷ்ணராசாவும் கண்டான். இரண்டு தரம் எழும்பி அந்தப் பக்கம் போனான். இரண்டு தரமும் வேறு கொடிக்காரர் அதிகாரியைச் சுற்றி நின்றார்கள். திரும்பி வந்து கதவோடு சாய்ந்துகொண்டான். ஷூ மினுங்கியது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. முகநூலில் அந்தக் கறுப்பு இல்லை.

"எட்டு மாசம் ஆள் பிடிச்சு எடுத்த கதிரை அண்ணை அது. அந்த மனிசனோட பத்து நிமிசம் கதைச்சிருந்தா அளவை வேலையில ஒரு துண்டாவது வந்திருக்கும். பன்னிரண்டு பேர் வேலைக்கு நிக்கினம் என்னட்டை. வாற மாசம் அவையளுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை." பிறகு சிரித்தான். "எங்கட ஆக்களின்ர பேரெண்டு பார்த்திருப்பாங்கள். குசினிப் பக்கம் தள்ளிவிட்டாங்கள்."

"இவங்கள் அப்பிடித்தான்," என்றார் செபமாலைமுத்து.

சொன்னபோது நாக்கு தடக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஊரில் கொடுத்த இலக்கம் வேலை செய்யவில்லை, பேசாலைக்கு ஆள் விட்டும் தேடினேன் என்று கிருஷ்ணராசா சொல்லிக்கொண்டு போனான். தேடினது உண்மையோ பொய்யோ. தோள் எப்படி என்று கேட்டான். சுகம் என்றார்.

"என்ர மகளுக்கு உங்கட பேர் தெரியும் அண்ணை. அந்த மாமா தள்ளேல்லை எண்டா அப்பா இல்லையெண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

பதினொரு வருடம் அவர் காத்திருந்த சொல் அது. முதல் நாள் வந்திருந்தால், அட்டையை மாற்ற ஒரு நிமிடம் முந்தி வந்திருந்தால்கூட, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இம்மாகுலேற்றுக்குக் காட்டியிருப்பார். இப்போது கையில் கோப்பிச் சாடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். சூப்பர்வைசர் கதவுக்குள்ளால் தலையை நீட்டி, மேசை நடுவுக்குப் பால் என்றாள். அவர் போனார்.

பதினொரு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். வாசலில் கிருஷ்ணராசா திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினான். செபமாலைமுத்துவும் உயர்த்தினார், நெஞ்சு மட்டத்துக்கு. பிறகு கொடிகளைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பெயர் அட்டைகளைக் குப்பைப் பையில் கொட்டினார். கதவடியில் இருந்த ஒன்றை மட்டும் ஏப்ரன் பைக்குள் வைத்தார். கதவடிக் கதிரை கடைசியாக நின்றது. அதை மற்றவற்றின் மேலே ஏற்றத் தோள் விடவில்லை. இழுத்து வந்து அதிலேயே இருந்தார். நாலு மணிக்கு எழும்பின தோள் நோ திரும்பி வந்திருந்தது. கிருஷ்ணராசாவுக்கு அவர் ஒரு வசனம் கடன்பட்டிருந்தார்: உன்னை இதில இருத்தினது நான்தான்.