காதுக்குக் கீழே இரண்டு விரல்

காலையில் பள்ளிக்கூட வாசலில் சண்முகத்தாய் நிற்பாள். பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். வீக்கம் இல்லையென்றால் முதுகில் ஒரு தட்டு, உள்ளே போகலாம். இருந்தால் வந்த வழியே வீட்டுக்கு.

ராஜபாளையத்தின் ஓரத்தில், மில்லுக்குப் பின்னால் இருந்தது அந்தத் தொடக்கப்பள்ளி. கழிவுப் பஞ்சு அள்ளுகிறவர்கள், பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வகுப்புக்கு ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு டம்ளர். ஆனி மாதம் பொன்னுக்கு வீங்கி பரவியபோது முதல் வேலையாக டம்ளர்களை எடுத்துவிட்டார்கள். பிறகு சுகாதார நர்ஸ் பத்மாசனி வந்து, சத்துணவு ஆயாவான சண்முகத்தாயை வாசலில் நிறுத்தினாள்.

"திருப்பி அனுப்புன பிள்ளை மத்தியானச் சோத்துக்கு எங்க போகும் சிஸ்டர்?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

தலைமையாசிரியரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். தூக்குவாளியில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்.

"அப்படின்னா ஏற்கெனவே இந்த வீக்கம் வந்தவங்கதான் போகணும்," என்றாள் பத்மாசனி. "ஒரு தடவை வந்தா மறுபடி வராது. உனக்கு வந்திருக்கா?"

"சின்னதுலயே வந்துட்டுப் போயிட்டு சிஸ்டர்."

பொய். வாளியை இன்னொருத்தி கையில் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு. தனுஷ்கோடி. தேவதானத்தில் அப்பனோடு இருக்கிறான். அப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டபோது ஊர் கூடிப் பேசியது. பிள்ளை அப்பனுக்கு என்றார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், ஆடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் தாய் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் வராமல் போனாலும் அதோடு சரி என்று அப்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு நாள் அவள் பால்கோவா வாங்கி, மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டிவிடுவாள். மற்ற நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டாள்.

வாளியோடு முதலில் போனது அப்ரோஸ் பேகம் வீட்டுக்கு. அவள் மகன் ஹுமாயூனுக்கு ஒரு பக்கம் முகமே கோணியிருந்தது. தறியை நிறுத்தாமலே அப்ரோஸ் கத்திப் பேசினாள்.

"பொன்னுக்கு வீங்கிக்குப் பொன் போடணும்லா யக்கா. இந்த வீட்டுல குண்டுமணித் தங்கம் ஏது?"

சண்முகத்தாய் கழுத்தில் ஒரே ஒரு சங்கிலி இருந்தது. அவள் அம்மா போட்டது. அதைக் கழற்றிப் பையன் கழுத்தில் போட்டாள்.

"சோறு திங்குற மட்டும் கெடக்கட்டும்."

பையன் சங்கிலியை இழுத்து வாயில் வைத்துச் சப்பினான்.

"ஏலே, அதைத் திங்காதலே. சோத்தைத் தின்னு."

"சோறு வலிக்கி ஆயாம்மா. இது வலிக்கல."

"பாத்தியளா, தங்கம் தின்னு வளந்த நவாபு!" என்று சிரித்தாள் அப்ரோஸ்.

சண்முகத்தாய் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். தின்று முடித்ததும் பையன் அவள் தோளில் சாய்ந்துகொண்டான். அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்துச் சங்கிலியைக் கழற்றி, முந்தானையில் துடைத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

சேதி தெரு முழுக்கப் பரவியது. வீங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் சங்கிலியைப் போட்டாள். "முன்னாலயே போட்டா வராதுல்லா," என்று கைக்குழந்தைகளையும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கும் போட்டாள். சங்கிலி ஏறிய பிள்ளை அதைச் சப்பிக்கொண்டு செத்த நேரம் மடியில் அடங்கிக் கிடக்கும். அதற்காகவே அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடினாள்.

ஆடி பிறந்தது. பள்ளிக்கூடத்தில் வீக்கம் குறைந்தது, தெருவில் கூடியது. பள்ளிக்கூடம் போகாத சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் கன்னம் வீங்கியது. பத்மாசனி வீடு வீடாக விசாரித்துவிட்டு நேரே சமையல் கொட்டகைக்கு வந்தாள்.

"நாங்க டம்ளரை எடுத்தோம் சண்முகத்தாய். நீ டம்ளரைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தெருத்தெருவாப் போயிருக்க."

சண்முகத்தாய் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். பத்மாசனி அதைச் சோறு வடித்த அடுப்பிலேயே கொதிக்கவைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சோறு வாசற்படியோடு நின்றது. பிள்ளைகள் ஜன்னல் வழியாக, "ஆயாம்மா, உள்ள வா," என்று கூப்பிடும். அவள் வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள்.

பூரத்துக்கு முந்தின நாள் காலையில் எச்சில் விழுங்கும்போது வலித்தது. காதுக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வீக்கம்தான்.

வாசலுக்குப் போகவில்லை. ஆளனுப்பி பத்மாசனியை வரவழைத்தாள்.

"எனக்கு முன்னாடி வந்ததில்ல சிஸ்டர். பொய் சொல்லிட்டேன்."

பத்மாசனி திட்டவில்லை. "வீட்டுலயே கெட. பிள்ளைங்க பக்கம் போகாத."

"நாளைக்குப் பூரம்."

பத்மாசனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் சொந்த ஊர். தேரடி விஷயம் அவளுக்குத் தெரியும். "பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு."

"வயசுக்கு வர்ற பையனுக்கு இது வந்தா லேசுப்பட்டதில்ல. பின்னால அவனுக்குப் பிள்ளை இல்லாமப் போனாலும் போயிரும்."

விடியுமுன் சண்முகத்தாய் கிளம்பினாள். தாடையைப் பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். பின்னால் வந்த பஸ் நின்றது. "ஏறுக்கா, கோயிலுக்குத்தான?" என்றான் கண்டக்டர். உள்ளே மடிக்கு ஒரு பிள்ளை. அவள் கையை ஆட்டி அனுப்பிவிட்டு ரோட்டோரமாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நடந்தாள்.

தேரடிக்குப் போகவில்லை. கூட்டத்துக்கு வெளியே, எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த ஒரு கடை ஓரமாக நின்றாள். பால்கோவா வாங்கவில்லை. ஊட்ட முடியாததை வாங்கி என்ன செய்ய? பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

தனுஷ்கோடி வளையல் கடைப் பக்கம் நின்றான். உயரமாகியிருந்தான். முழுக்கால்சட்டை போட்டிருந்தான். வருகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அப்பன் வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தான். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"ஏலே, தனுஷ்கோடி!"

கத்தியதில் அவளுக்குத் தாடை தெறித்தது. பையன் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தான். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"அங்கனயே நில்லு! கிட்ட வராத!"

நடுத்தெருவில் நின்றான். முகம் சுண்டிப்போயிற்று. அவள் அவசரமாகத் துணியை அவிழ்த்துக் காட்டினாள்.

பையன் உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"பூசணிக்கா மாதிரி இருக்கம்மா! எனக்கு இது தையிலயே வந்துட்டு. கம்பவுண்டர் இனி வராதுன்னாரு."

அவள் பையனுக்குப் பின்னால் வந்த அப்பனைப் பார்த்தாள். "ஆமா, ரெண்டு பக்கமும்," என்றான் அவன்.

நீட்டிய கை கீழே இறங்கியது. பையன் வந்து அவளை ஒட்டிக் கடைப் படியில் உட்கார்ந்தான்.

தையில் வந்திருக்கிறது. தையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஊரார் பிள்ளைகளுக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்திருப்பாள்.

"தங்கம் போட்டாகளாடா?"

"சித்தி போட்டாவ. அவிய சங்கிலியவே கழட்டிப் போட்டாவ. சரியாகுற மட்டும் கழுத்துலயே கெடந்துச்சு."

"சோறு?"

"கரைச்சு ஊட்டிவிட்டாவ."

"நல்லது," என்றாள். அவிழ்த்த துணியைத் தாடையில் அழுத்திக்கொண்டாள். வலி என்று பையன் நினைத்துக்கொண்டான்.

அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். காதுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். வீக்கம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட வாசலாக இருந்தால் இந்நேரம் முதுகில் தட்டி உள்ளே அனுப்பியிருப்பாள்.

"கூசுதும்மா. கைய எடு."

அவள் எடுக்கவில்லை.