பாலத்தில் ஐந்து நொடி

மெலிசாக இருந்தால்தான் லேப்டாப் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி வைக்கிறான்கள். கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனுக்கு இந்த எரிச்சல் இருக்கத்தான் செய்யும். இதே எரிச்சலில்தான் அக்காவோடு சண்டை வந்தது.

அக்கா வெளியூரில் ஆன்லைன் கேம் வடிவமைக்கிறாள். அவள் செய்த விளையாட்டில் இரண்டிரண்டு பேராகக் காட்டைத் தாண்டி, ஒரு தொங்குபாலத்தைக் கடந்து அக்கரை சேர வேண்டும். யாராவது ஐந்து நொடி அசையாமல் நின்றால் ஜோடி தானாகப் பிரிந்துவிடும், மற்றவர் போய்க்கொண்டே இருக்கலாம். பாலத்தில் எப்போதும் கூட்டம். பழைய மெஷின்கள் அங்கேதான் திணறும்.

"எல்லார்கிட்டயும் புது மெஷின் இருக்கா அக்கா?" என்று போனில் கேட்டேன்.

"பழைய டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறவங்களுக்காக மத்தவங்க ஏன்டா காத்திருக்கணும்?"

என் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்த டப்பாக்காரர்கள்தான். எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன். எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

விளையாட்டை மட்டும் இருவரும் நிறுத்தவில்லை. அவள் வெளியூர் போன நாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு அரைமணி நேரம் ஜோடியாக விளையாடுவது எங்கள் வழக்கம். நான் வீம்புக்கென்றே என் பத்து வயது லேப்டாப்பைத்தான் திறப்பேன். தினமும் பாலத்தின் நடுவில் அது மூச்சு நின்றுபோகும். அவள் பொம்மையின் சிவப்புத் தொப்பி மட்டும் அக்கரையில் ஏறி மறையும். சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அழுகையாக வரும்.

போன வாரம் வீம்பு தீர்ந்துபோயிற்று. கடைக்குப் புதிதாக வந்த பாகங்களைப் பூட்டி ஒரு கம்ப்யூட்டர் தயார் செய்தேன். ஒரு தடவை அவளோடு அக்கரைக்குப் போய்விட வேண்டும், போனதும் போன் செய்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"இப்பவே பேசினா வாய் தேஞ்சிடுமா?" என்றாள் என் மனைவி.

ஏழு மணிக்குத் திறந்தால் அப்டேட் வந்திருந்தது. அடியில் ஒரு வரி: 'துணைவர் பாலத்தில் நின்றுவிட்டால் இனி ஜோடி பிரியாது. கையைப் பிடித்து அழைத்துப் போகலாம்.'

இரண்டு தடவை படித்தேன். இதற்காக ஆபீஸில் யார் யாரிடம் மல்லுக்கு நின்றாளோ. என் மெஷினோ அன்று பார்த்து வழுக்கிக்கொண்டு ஓடியது!

பாலத்தின் நடுவுக்கு வந்ததும் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சிவப்புத் தொப்பி நாலடி போய் நின்றது. திரும்பி வந்தது. என் கையைப் பிடித்து ஒவ்வொரு பலகையாக நடத்திக் கூட்டிப் போனது. எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. அது மெஷின் கோளாறு இல்லை.

அக்கரையில் கால் வைத்ததும் போன் அடித்தது.

"டேய், நீ மெஷின் மாத்திட்டேன்னு எனக்கு இங்க காட்டுது. நெட்டும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எப்படிடா நின்னே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"சும்மாதான்க்கா."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்கும் நில்லு," என்றாள்.