குளிர்பெட்டியில் இடம்

வேகவைத்த சூரை மீனின் தோலை உரித்து, வெள்ளைச் சதையை ஒரு தட்டிலும் கருஞ்சதையை இன்னொரு தட்டிலும் பிரித்துக்கொண்டிருந்தாள் மாரிவிக். வெள்ளை, டப்பாவில் அடைபட்டு வெளிநாடு போகும். கருப்பு, பூனைத் தீனிக்கு. ஜெனரல் சான்டோஸ் துறைமுக நகரின் அந்த மீன் ஆலையில் சீருடைக்குச் சட்டைப்பைகூடக் கிடையாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவ அறையில் கொடுத்துவைத்து, நர்ஸ் முன்னால்தான் விழுங்க வேண்டும். இன்று காலை அப்படித்தான் நர்ஸ் எடித்தாவுக்கு விஷயம் தெரிந்தது.

"இது மனசுக்குப் போடுறதுல்ல? பால் குடுக்கிறவ இதப் போடலாமா?"

"டாக்டர்தாங்க போடச் சொன்னாங்க. இந்த மாத்திரை பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகுமாம். பிள்ள தூங்கி வழிஞ்சா, பால் குடிக்கலன்னா தூக்கிட்டு வான்னாங்க. நீயா நிறுத்திடாதன்னாங்க."

"அவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்றது நான். உன் பால் பாட்டில இந்தக் குளிர்பெட்டியில வைக்காத. மத்தவளுங்க பிள்ளைங்களுக்குப் பீய்ச்சி வச்ச பாலும் இதுலதான் இருக்கு."

வயிற்றில் பிள்ளை இருந்தபோது இதே பயத்தில், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியவள்தான் மாரிவிக். ஜெரிக் பிறந்தான். அவன் அழுவது அடுத்த வீட்டில் யாரோ அழுவதுபோல் கேட்டது. ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையின் விளிம்புவரை போனாள். தண்ணீர் மெத்தைபோல் தெரிந்தது. மறுபடி மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்து, சோறு அடிபிடித்த வாசனைக்கு அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்துவிட்டதே என்று அடுப்பின் முன் உட்கார்ந்து தனியே சிரித்தாள்.

இடைவேளையில் பால் பீய்ச்சியபோது, ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. ருசியில் எதுவும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வைத்துப் பார்த்தாள்.

பக்கத்து மேசை க்ளெண்டா பின்னாலேயே வந்தாள். "பைத்தியப் பால்னு பேரு வச்சுட்டாளுங்கடி."

"நீ என்ன சொல்ற?"

"எனக்குப் பால் வத்தினப்ப என் பிள்ள உன் பாலத்தான குடிச்சான்? இப்ப தெருவே எழுந்து உக்கார்ற மாதிரி கத்துறான். நர்ஸம்மாவ வேணா வந்து ஒரு நாள் தாலாட்டச் சொல்லு." பாட்டிலுக்குக் கை நீட்டினாள். "குடு, என் பேரச் சொல்லி உள்ள வச்சுடறேன்."

"உனக்குப் பால் இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதாக்கும்!"

க்ளெண்டா கையை மடக்கிக்கொண்டாள். "அப்ப மாத்திரைய விட்டுடப் போறியா?"

"விட்டா பிள்ளைக்குப் பால் இருக்கும். நான் இருக்க மாட்டேன்டி."

பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி ஜன்னல் திட்டில் வைத்தார்கள்.

வேலை முடிந்து வந்தபோது துணி காய்ந்து விறைத்திருந்தது. மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை. கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

வெறும் பாட்டிலுடன் வெளியே வந்தவளை மேற்பார்வையாளனின் குரல் நிறுத்தியது.

"ஓரம்! ஓரம்! ஐஸ் உருகுது, கெட்டுப்போச்சுன்னா யாரு பொறுப்பு?"

பூனைத் தீனிக்கான கருஞ்சதை, கழுத்துவரை போர்த்தியதுபோல் ஐஸ் மூடி, வண்டியில் வந்தது. பெண்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். குளிரறைக் கதவு திறந்தது. பால் கசிந்து நனைந்திருந்த மாரிவிக்கின் மார்பில் சில்லென்று காற்று பட்டது. வண்டி உள்ளே போனதும் கதவைச் சாத்தி, இடுக்கில்லாமல் அடைத்திருக்கிறதா என்று மேற்பார்வையாளன் ஒரு தரம் தடவிப் பார்த்தான்.