மழைக்காரி மலை பார்க்கப் போனது

எங்கள் ஊரில் என்னை மழைக்காரி என்பார்கள். நான் வாசல் தாண்டினால் மேகமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுமாம். பள்ளிக்கூடச் சுற்றுலா நான்கும் மழையில்தான் போயின. என் கல்யாணத்தன்று புயல். ஒரு சமையல்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், செர்ரிப் பூ பார்க்கப் போகும் தேதியை என்னிடம் மட்டும் மறைத்து வைத்தார்கள். கேட்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வயிறு எரியும்.

இதெல்லாம் தெரிந்தும் தோமோயே என்னைத்தான் கூப்பிட்டாள்.

தோமோயேவும் நானும் ஒரே வகுப்பு. அகிதாவில் எங்கள் தெருப் பொதுக் குளியல்கூடம் அவளுடையது. வெந்நீர்த் தொட்டிக்கு மேலே சுவர் முழுக்க ஃபூஜி மலை வரைந்திருக்கும். முப்பது வருடமாக ஏணி போட்டு ஏறி அந்த மலையில் பூஞ்சை பிடிக்காமல் தேய்த்தவள் அவள். நிஜ மலையைப் பார்த்ததில்லை. குளியல்கூடத்துக்கு லீவு ஏது? போன குளிர்காலத்தில் கண் டாக்டர் சொல்லிவிட்டார்: இடது கண் போய்விட்டது, வலது கண் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டே வருகிறது, அடுத்த வருடம் இந்நேரம் அதுவும் இருக்காது.

"இத்தனை வருஷம் அழுக்கெடுத்தேன். ஆள் நேர்ல எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்க வேணாமா? கிளம்புடி மிசாவோ," என்றாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போனா மலை வராதுடி. மழைதான் வரும்."

"வரட்டும். குடை எடுத்துக்கோ."

ஏப்ரல் கடைசியில் போனோம். காவாகுச்சி ஏரியின் வடகரையில் ஒரு சின்ன விடுதி. ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஃபூஜி என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். திறந்தோம். நேர் எதிரே மழை.

"நேத்து வரைக்கும் பளிச்சுனு இருந்துச்சும்மா," என்றாள் விடுதிக்காரி. தேநீர்க் கடைக்காரனும் அதையே சொன்னான். படகுக்காரனும் சொன்னான். நான்காவதாக யாராவது சொல்லியிருந்தால் குடையாலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

ஆனால் அந்த மழை அழகாக இருந்தது, அதை மறைப்பானேன். ஏரி எது வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உதிர்ந்த செர்ரி இதழ்கள் தண்ணீரில் கூட்டமாகக் கரைக்கு வருவதும் மனம் மாறித் திரும்பிப் போவதுமாக இருந்தன. சாயங்காலம் விடுதியின் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை மூழ்கி, மலை இருக்க வேண்டிய பக்கம் பார்த்து உட்கார்ந்தோம். தலையில் குளிர்ந்த தூறல், கீழே சூடு. ஆவி எழும்பி மஞ்சு மூட்டத்தோடு கலந்தது. யாரோ தூரத்தில் படகு தள்ளும் சத்தம் கேட்டது, படகு தெரியவில்லை. அப்படியே தூங்கிப்போய்விடலாம் போல இருந்தது.

"அங்கதான இருக்கு?" என்றாள் தோமோயே.

"எங்கடி போகும்? அங்கதான் இருக்கும்."

"எங்க சுவர்ல இருக்கறதை விடப் பெருசா இருக்குமா?"

"வாயை மூடு. எனக்குச் சிரிப்பு வருது."

அவள் சிரித்தாள். 

அன்றிரவு படுக்குமுன் அவள் கைக்குட்டையில் ஒரு வெயில் பொம்மை செய்து, தடவித் தடவி ஜன்னல் கம்பியில் கட்டினாள். வெள்ளைத் துணி, உருண்டைத் தலை. சின்னப் பிள்ளைகள் மழை நிற்கக் கட்டுவது.

"அடி பாவி, தலைகீழா கட்டிட்டியே! மழை வேணும்னுதான் அப்படிக் கட்டுவாங்க."

"அப்படியா? தலை மேலதான இருக்கு?" என்று குனிந்து, பொம்மையை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தாள். ஒரு சாண் தூரத்தில் இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நான் அவிழ்த்து நேராகக் கட்டினேன். ஏதோ கேலி சொன்னேன். விளக்கை அணைத்த பிறகு தூக்கமே வரவில்லை.

மறுநாளும் மழை. மூன்றாம் நாள் மதியம் எங்களுக்கு ரயில். மிச்சம் இருந்தது ஒரு காலை மட்டும்.

விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். வெளியே பால் போல மஞ்சு. தோமோயே வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இவளுடைய கடைசிச் சந்தர்ப்பத்தைக் கெடுப்பது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அறுபது வயதில் இதை நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். ஊர் மொத்தமும் சொல்லிக்கொண்டே இருந்தால் நீங்களும் நம்புவீர்கள். கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு எழுதித் தலையணை அருகே வைத்தேன். "நான் போனால் வானம் திறக்கும். ஆசை தீரப் பார். மதியம் ரயில் நிலையத்தில் இருக்கிறேன்."

ஏரிக்கரை நிறுத்தத்தில் முதல் பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் என்றார் ஓட்டுநர்.

அப்போதுதான் மஞ்சு நகர ஆரம்பித்தது. முதலில் அக்கரை வீடுகள் வந்தன. பிறகு அவற்றின் பின்னால் கறுப்புக் குன்றுகள். பிறகு, யாரும் எதிர்பார்க்காத உயரத்தில், வானத்துக்குள்ளேயே ஒரு வெள்ளை விளிம்பு. அது கீழே இறங்கி இறங்கி இரண்டு பக்கமும் விரிந்தது. ஏரியிலும் இன்னொன்று தலைகீழாக நின்றது. பஸ்ஸில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். பார்த்தீர்களா, நான் கிளம்பியதும் வந்துவிட்டது! சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன.

"மிசாவோ! ஏய் மிசாவோ!"

தோமோயே. விடுதி அங்கியின் மேல் பஞ்சுச் சட்டை, காலில் மரச்செருப்பு, ஒரு கை முன்னால் நீட்டியபடி கரையோரமாக வந்துகொண்டிருந்தாள். மலை அவளுடைய இடது பக்கத்தில், செத்த கண்ணின் பக்கத்தில், பளபளவென்று நின்றது. அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலைத் திறந்து கத்தினேன். "திரும்புடி! இடது பக்கம் பாரு! மலை வந்துருச்சு!"

"நீ எங்க இருக்க? முதல்ல கீழ இறங்கு!"

"நான் இறங்கினா போயிரும்டி!"

"போனா போகட்டும் மூதேவி! என்னைத் தனியா விட்டுட்டு எங்கடி போற?"

ஓட்டுநர் திரும்பினார். "அம்மா, வண்டி எடுக்கணும். இருக்கீங்களா, இறங்குறீங்களா?"

இறங்கினேன். படியை விட்டுக் கால் தரையில் படும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மலை போகவில்லை. அது என்னைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

தோமோயேவின் தோளைப் பிடித்து ஏரிப் பக்கம் திருப்பினேன். "பாரு."

அவள் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எங்கடி? குன்றுதான் தெரியுது."

"அதுக்கு மேல."

"மேல வெறும் வானம்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண்ணில் மிச்சமிருந்தது ஒரு சாவித் துவாரம். இவ்வளவு பெரிய மலை அதற்குள் நுழையவில்லை. நான் பஸ்ஸில் போயிருந்தால், இவள் இந்தக் கரையில் மதியம் வரை உட்கார்ந்து, தெளிந்த வானத்தின் கீழே ஒன்றும் பார்க்காமல் ரயிலுக்கு வந்திருப்பாள்.

குழந்தைக்கு முகம் கழுவுவது போல அவள் தாடையை இரு கையாலும் பிடித்தேன். முகத்தை மலையின் ஒரு கோடிக்கு, சரிவு தொடங்கும் இடத்துக்குத் திருப்பினேன். "இங்கேர்ந்து ஆரம்பிக்குது. தெரியுதா?"

"கறுப்பா ஒரு கோடு."

"அதைப் பிடிச்சுக்கோ. மேல போறோம்." மெல்ல உயர்த்தினேன். "இது காடு."

"ம்."

"இது பனி."

"ம்... வெள்ளை. இன்னும் போகுதா?"

"இன்னும்."

"இன்னுமா! அடேயப்பா, இதை யாருடி தேய்ப்பா?"

என் உள்ளங்கைகளில் அவள் கன்னம் நனைந்தது. மழை இல்லை. உச்சிக்கு வந்ததும் நிறுத்தினேன். கை வலித்தது, வலிக்கட்டும் என்று பிடித்திருந்தேன். 

"விட்டுராதடி," என்றாள் கடைசியில். "இன்னும் அந்தப் பக்கச் சரிவு பாக்கணும்."